தானியங்கி நிலையங்களும் அலைவரிசைப் பகிர்வும்: கோலா சிலாங்கூர் சமவெளியை முன்வைத்து

அமெச்சூர் வானொலியில் எந்த அலைவரிசையும் எவருக்கும் சொந்தமில்லை. மலேசியாவில் தொடர்பு பல்லூடக ஆணையம், 1998ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின்கீழ், தேர்வில் தேறியவருக்கு அழைப்புக்குறியும் கருவிக்கான அனுமதியும் வழங்குகிறது. எந்தப் பட்டைகளில், எவ்வளவு ஆற்றலுக்குள் இயங்கலாம் என்பதை அந்த அனுமதி வரையறுக்கிறது. பட்டைக்குள் ஒரு குறிப்பிட்ட புள்ளியைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும் உரிமை அதில் கிடையாது. தீபகற்பத்தில் 9எம்2 என்று தொடங்கும் அழைப்புக்குறியும் 9டபிள்யூ2 என்று தொடங்கும் அழைப்புக்குறியும் ஒரே வெளியில்தான் புழங்குகின்றன. இந்தப் பொதுவெளி இத்தனை ஆண்டுகள் சண்டையின்றி நடந்ததற்குக் காரணம் ஒரே ஒரு பழக்கம்: முதலில் காதுகொடுத்துக் கேட்பது, அலைவரிசை காலியாக இருக்கிறதா என்று விசாரிப்பது, பதில் வராவிட்டால் மட்டும் பேசுவது. தானாக அனுப்பும் இயந்திரங்கள் வந்தபோது சிக்கலானது இந்தப் பழக்கம்தான்.

தானியங்கி என்ற சொல்லுக்குள் பல வகைகள் அடங்கும். எஃப்டி8 முறையில் கணினிதான் செய்தியைக் கட்டுகிறது, அனுப்புகிறது, வந்ததைப் பிரித்துக் காட்டுகிறது. ஆனாலும் ஒருவர் திரைக்கு முன்னால் அமர்ந்து அழைப்பைத் தொடங்கிவைக்கிறார். ஏ.பி.ஆர்.எஸ். முறையில் வண்டியிலோ வீட்டுக் கூரையிலோ உள்ள சிறு கருவி தன் இருப்பிடத்தையும் மழையளவையும் குறித்த இடைவெளியில் தானே ஒலிபரப்புகிறது. அருகில் ஆள் இருக்க வேண்டியதில்லை. வின்லிங்க் போன்ற அஞ்சல் நிலையங்கள் மூன்றாவது வகை. அவை ஆளில்லாமல் காத்திருந்து, தொலைவிலிருந்து யாராவது அழைத்தால் விழித்துப் பதில் சொல்கின்றன. இந்த மூன்றுக்கும் ஒரே விதியை வைத்தால் எதற்கும் நியாயம் கிடைக்காது.

கோலா சிலாங்கூர் தொடங்கி வடக்கே சபாக் பெர்ணம் வரை நீளும் கரையோரச் சமவெளி, இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள நல்ல இடம். மேற்கே கடலும் தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல்வயல்களும். கிழக்கே ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் செம்பனைத் தோட்டங்கள். அதற்கும் அப்பால் உலு சிலாங்கூர், தித்திவங்சா மலைத்தொடர். பெஸ்தாரி ஜெயாவைப் பத்தாங் பெர்ஜுந்தை என்றே இன்னும் சொல்லும் மூத்தவர்கள் தோட்டப்புறங்களில் நிறைய உண்டு. மேரி, நைஜல் கார்டனர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மிஞ்ஞாக் ஆகிய தோட்டப் பெயர்கள் அந்த வட்டாரத்துத் தமிழருக்கு ஊர்ப் பெயர்களைப் போலப் பழகியவை. இந்தச் சமவெளியில் உயரமான இடம் குறைவு. கோலா சிலாங்கூர் நகரையொட்டி, கலங்கரை விளக்கம் நிற்கும் புக்கிட் மலாவத்திதான் கண்ணில் படும் குன்று.

உயரம் குறைந்தால் மிக உயர் அலைவரிசையான இரண்டு மீட்டர் பட்டை எவ்வளவு தூரம் எட்டும்? பத்து மீட்டர் கம்பத்தில் நிறுத்திய அலைவாங்கிக்கு வானொலித் தொடுவானம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். அதே உயரத்தில் மறுமுனையும் இருந்தால் இரண்டும் சேர்ந்து 26 கிலோமீட்டர். இடையில் முதிர்ந்த செம்பனைக் காடு இருந்தால், ஈர ஓலைகள் இன்னும் கொஞ்சம் விழுங்கிவிடும். செகிஞ்சானுக்கும் பெஸ்தாரி ஜெயாவுக்கும் நேர்கோட்டில் 40 கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. எனவே அந்த இரண்டு ஊர் நிலையங்களும் ஒன்றையொன்று நேராகக் கேட்க முடியாது. கோலா சிலாங்கூரோ இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது; இரு பக்கமும் 25 கிலோமீட்டருக்குள். மலாவத்திக் குன்றின் உயரத்தில் ஒரு டிஜிபீட்டர், அதாவது கேட்ட பொட்டலத்தைத் திருப்பி ஒலிபரப்பும் நிலையம், நிறுத்தப்பட்டால் அது இரண்டையும் கேட்கும்.

சிக்கல் அங்கேதான் பிறக்கிறது. செகிஞ்சான் கருவி அனுப்புவதற்கு முன் அலைவரிசையைக் கேட்டுப் பார்க்கிறது, அமைதியாக இருக்கிறது. அதே நொடியில் பெஸ்தாரி ஜெயா கருவியும் கேட்டுப் பார்க்கிறது, அதற்கும் அமைதிதான். இரண்டும் ஒழுங்காக விதியைப் பின்பற்றி, ஒரே நேரத்தில் அனுப்பிவிடுகின்றன. குன்றின்மேல் இருக்கும் நிலையத்துக்கு இரண்டும் மோதிய இரைச்சல் மட்டுமே கிடைக்கிறது, அல்லது வலுவானது மற்றதை மூழ்கடித்துவிடுகிறது. பொறியாளர்கள் இதை மறைந்திருக்கும் நிலையச் சிக்கல் என்பார்கள். நெடுந்தூரக் குரல் பேச்சிலும் இது நேரும். ஆனால் மனிதர் அங்கே சொன்னதையே திருப்பிச் சொல்லி, இன்னொருவர் இடையில் புகுந்து உதவி, எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள்.

ஏ.பி.ஆர்.எஸ். முறையை வகுத்தவர் அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகத்தில் பணியாற்றிய பாப் புருனிங்கா. மலேசியாவில் அது 144.390 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. இந்தோனேசியாவும் வட அமெரிக்காவும் அதே அலைவரிசையையே பயன்படுத்துகின்றன. வேகம் நொடிக்கு 1200 பிட். நூறு எழுத்துள்ள ஒரு பொட்டலம் போய்ச்சேர, ஒலிபரப்பி நிலைபெறும் நேரத்தையும் சேர்த்து, ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். டிஜிபீட்டர் அதைத் திருப்பிச் சொன்னால் இன்னொரு நொடி.

இந்த ஒரு நொடி அற்பமாகத் தோன்றலாம். கணக்குப் போட்டால்தான் அதன் கனம் தெரியும். ஒரே அலைவரிசையில் எல்லாரும் தோன்றிய நேரத்தில் அனுப்பினால் என்ன ஆகும் என்பதை ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சனும் அவருடைய குழுவும் அலோஹா வலையமைப்பில் ஆராய்ந்தார்கள். 1971இல் அது இயங்கத் தொடங்கியது. அவர்கள் கண்ட எல்லை இதுதான்: ஒழுங்கற்ற ஒலிபரப்பில் அலைவரிசையின் மொத்த நேரத்தில் 18.4 விழுக்காட்டுக்குமேல் மோதலின்றிப் பயன்படாது. அனுப்பும் நொடிகளை முன்கூட்டியே கூறுபோட்டு வைத்தால் அது இரட்டிப்பாகி 36.8 விழுக்காடாகும். முதல் எல்லையை 144.390க்குப் பொருத்திப் பார்க்கலாம். பத்து நிமிடத்தில் 600 நொடி. அதில் உருப்படியாகக் கிடைப்பது 110 நொடி. ஒவ்வொரு பொட்டலமும் திருப்பிச் சொல்லப்படுவதால், தோராயமாக 55 பொட்டலம். ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை இருப்பிடம் சொல்லும் வண்டிகள் ஐந்து ஓடினாலே அந்த இடம் நிரம்பிவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று மாற்றினால் 55 நிலையங்களுக்கு இடம் உண்டு. வீட்டுக் கூரையில் நகராமல் இருக்கும் மழைமானி அரைமணிக்கு ஒருமுறை சொன்னால் போதும் என்றால் 165.

எனவே அலைவரிசைப் பகிர்வு என்பது இங்கே பெரும்பாலும் இடைவெளியைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது. நகராத நிலையம் தன் இருப்பிடத்தை நிமிடத்துக்கு ஒருமுறை அறிவிப்பதால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. அது அண்டையில் உள்ளவரின் இடத்தைச் சத்தமின்றிப் பறிக்கிறது. வண்டியில் உள்ள கருவியை வேகத்துக்கும் திருப்பத்துக்கும் ஏற்ப அனுப்பும்படி அமைக்கலாம்: நேர்ச்சாலையில் அரிதாக, வளைவில் உடனே. ஒரு பொட்டலத்தை அடுத்தடுத்த டிஜிபீட்டர்கள் திருப்பிச் சொல்லும் தாவல்களின் எண்ணிக்கையையும் குறைக்க வேண்டும். ஒரே குன்று முழுச் சமவெளியையும் பார்க்கும் இடத்தில் ஒரு தாவல் போதும். இரண்டு, மூன்று என்று அமைத்தால், செகிஞ்சான் நெல்வயலின் மழையளவு தேவையில்லாமல் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் அலைவரிசையை அடைத்துக்கொண்டு நிற்கும்.

நாற்பது மீட்டர் பட்டையில் வேறொரு வகைத் தகராறு. 2009 மார்ச் 29க்கு முன் ஆசிய பசிபிக் நாடுகள் அடங்கிய மூன்றாம் வட்டாரத்தில் அமெச்சூர்களுக்கு 7.000 முதல் 7.100 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே இருந்தது. அதற்குமேல் ஒலிபரப்பு நிலையங்கள். 2003ஆம் ஆண்டு உலக வானொலி மாநாட்டின் முடிவால்தான் 7.200 வரை கிடைத்தது. ஆகவே இந்தப் பகுதியில் குரல் பேச்சு முழுவதும் பல தலைமுறைகளாக 7.100க்குக் கீழே நெருக்கிக்கொண்டு நடந்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் கண்டப்பகுதியில் நிலைமை நேர்மாறு: அங்கே 7.125க்குக் கீழே குரலுக்கு இடமில்லை, மோர்சுக்கும் தரவுக்கும்தான். 2017இல் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கியும் எஃப்டி8ஐ வெளியிட்டபோது அதற்கு 7.074 மெகாஹெர்ட்ஸ் அமைந்தது. அமெரிக்க வரைபடத்தில் அது தரவுப் பகுதி. மலேசியா, இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாடுகளின் பழக்கத்தில் குரல் பேச்சின் நட்டநடு. டெய்லர் இயற்பியலாளர், இரட்டைப் பல்சார் கண்டுபிடிப்புக்காக 1993இல் ரஸ்ஸல் ஹல்சுடன் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய முறை அருமையானது. அதன் முகவரிதான் இந்த வட்டாரத்தைக் கேட்காமல் எழுதப்பட்டுவிட்டது.

எண்களில் பார்த்தால், எஃப்டி8 சமிக்ஞை ஒன்றின் அகலம் 50 ஹெர்ட்ஸ். பதினைந்து நொடிக்கு ஒரு முறை, அதில் 12.64 நொடி ஒலிபரப்பு. குரல் ஒன்று எடுத்துக்கொள்ளும் 2.4 கிலோஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 48 எஃப்டி8 சமிக்ஞைகள் பக்கம்பக்கமாக அமரலாம். இரைச்சலுக்கு 20 டெசிபெல் கீழே கிடக்கும் சமிக்ஞையையும் அது தோண்டி எடுக்கிறது. பிற்பகல் இடிமின்னல் அன்றாடமாக உள்ள சிலாங்கூரில், குரல் காதில் விழாத வேளையிலும் இது போய்ச்சேரும். ஐந்து வாட் ஆற்றலோடு, தோட்ட வீட்டுப் பின்புறத்தில் இரண்டு மரங்களுக்கிடையே கட்டிய கம்பியைக் கொண்டு ஜப்பானையும் ஐரோப்பாவையும் எட்ட முடிகிறது என்றால், பெரிய கோபுரத்துக்கு வசதியில்லாத இளைஞருக்கு அது எவ்வளவு பெரிய வாசல் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் எஃப்டி8 பிரிப்பானுக்கு எஃப்டி8 மட்டுமே மொழி. அதே இடத்தில் இருவர் பேசிக்கொண்டிருந்தால் அந்தப் பேச்சு அதற்கு வெறும் இரைச்சல். கீழ்ப் பக்கப்பட்டையில் 7.076இல் பேசுபவரின் குரல் 7.0735க்கு அருகிலிருந்து மேலே பரவுகிறது. எஃப்டி8 கூட்டம் 7.074 முதல் 7.077 வரை. இரு தரப்பும் தாங்கள் விதிக்குள் இருப்பதாக நம்புகிறார்கள், இரு தரப்பும் சொல்வது சரி. இந்த இடத்தில் பொறுப்பு கேட்கத் தெரியாதவரின் பக்கம்தான் அதிகம் சாய வேண்டும். திரையில் நீர்வீழ்ச்சிபோல் ஓடும் சமிக்ஞைப் படத்தில் அகலமான குரல் தடம் தெரிந்தால், இயக்குபவர் ஒலியைக் கூட்டிக் காதால் கேட்டுவிட்டு விலகுவதே முறை. குரல் பேசுபவரும் எதிரே உள்ள ஏற்பாட்டை மதித்து, முகப்பில் 7.080இலோ அதற்கு மேலோ தொடங்கினால் மோதல் அறவே இல்லை. 7.110 மெகாஹெர்ட்ஸ் மூன்றாம் வட்டாரத்தில் அவசரகாலத் தொடர்பின் மையம். எந்தத் தானியங்கி முறையும் அதன் அக்கம்பக்கத்தில் இருக்கக் கூடாது.

இயந்திரங்கள் நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டால் எவ்வளவு அழகாக வாழ முடியும் என்பதற்கு 14.100 மெகாஹெர்ட்ஸ் சான்று. சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியமும் வட கலிஃபோர்னிய டி.எக்ஸ். அறக்கட்டளையும் நடத்தும் 18 வழிகாட்டி நிலையங்கள் உலகைச் சுற்றி அந்த ஒரே புள்ளியில் இயங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் பத்து நொடி; மூன்று நிமிடத்தில் சுற்று முடிந்து மறுபடி முதல் நிலையம். தன் அழைப்புக்குறியை மோர்சில் சொல்லிவிட்டு 100 வாட், 10 வாட், 1 வாட், பத்தில் ஒரு வாட் என்று இறங்கும் நான்கு நீண்ட ஒலிகளை அது விடுகிறது. இலங்கையின் 4எஸ்7பி அந்தப் பதினெட்டில் ஒன்று. கோலா சிலாங்கூரில் அதைக் கேட்பவர், கடைசி ஒலியும் காதில் விழுந்தால், அன்றைய வான்பாதை எவ்வளவு திறந்திருக்கிறது என்று பத்தே நொடியில் அறிந்துகொள்வார். ஒரு கலங்கரை விளக்கம் தன் ஒளிவீச்சின் இடைவெளியாலேயே தான் யார் என்று கப்பலுக்குச் சொல்வதைப்போல், இந்த நிலையங்கள் கடிகாரத்தாலேயே தம்மை அறிவித்துக்கொள்கின்றன. ஜோ டெய்லர் 2008இல் அளித்த விஸ்பர் முறையும் இதே குடும்பம்: 200 ஹெர்ட்ஸ் அகலமுள்ள சிறு சாளரம், இரண்டு நிமிடச் சுற்று, மிகக் குறைந்த ஆற்றல். அந்தச் சாளரத்தைவிட்டு வெளியே வராததால் அதைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை.

வானத்திலும் இந்தப் பங்கீடு உண்டு. 2015 செப்டம்பர் 28 அன்று, பழவேற்காடு ஏரிக்கு அப்பால் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி30 ஏவூர்தி இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட்டுடன் இந்தோனேசியாவின் லாப்பான் ஏ2 செயற்கைக்கோளையும் கொண்டுசென்றது. 650 கிலோமீட்டர் உயரம், நிலநடுக்கோட்டுக்கு வெறும் 6 பாகை சாய்வு. வடக்கே 3 பாகையில் உள்ள கோலா சிலாங்கூருக்கு அது நாளொன்றுக்குச் சுமார் 14 முறை வந்துபோகும் பாதை. குரல் மறுபரப்பியும் 145.825 மெகாஹெர்ட்ஸில் ஏ.பி.ஆர்.எஸ். டிஜிபீட்டரும் அதில் இருந்தன. தரைநிலையம் அறிவிக்கும் அட்டவணைப்படி முறைமாற்றி இயக்கப்பட்டன. மலேசியாவின் முதல் நுண்செயற்கைக்கோளான தியுங்சாட் 1 அதற்கும் முன்பே, 2000 செப்டம்பரில், அமெச்சூர் தரவுக் கருவியுடன் ஏவப்பட்டது. செயற்கைக்கோளின் குரல் மெலிந்தது. ஆகவே 145.8 முதல் 146 வரையும் 435 முதல் 438 வரையும் செயற்கைக்கோளுக்கென்று விட்டுவைக்கப்பட்டுள்ளன. இன்று வீட்டுக்கு வீடு வந்துவிட்ட டிஜிட்டல் குரல் ஹாட்ஸ்பாட் கருவிகளைச் சிலர் அறியாமல் இந்தப் பகுதியில் அமைத்துவிடுகிறார்கள். பத்து மில்லிவாட் என்றாலும் அது இருபத்துநான்கு மணி நேரமும் விழித்திருக்கும் ஒலிபரப்பி. பக்கத்து வீட்டில் செயற்கைக்கோளைக் கேட்க முயல்பவரின் காதை அது அடைக்கும்.

உலகெங்கும் கடும் வாக்குவாதம் நடப்பது மூன்றாவது வகையான ஆளில்லா அஞ்சல் நிலையங்களைப் பற்றித்தான். பாக்டர், வாரா போன்ற முறைகளில் அவை 500 ஹெர்ட்ஸிலிருந்து 2.7 கிலோஹெர்ட்ஸ் வரை எடுத்துக்கொள்கின்றன. நடுக்கடலில் ஒரு படகு அழைக்கிறது. ஆயிரம் மைலுக்கு அப்பால் நிலையம் பதில் சொல்கிறது. படகுக்குக் கேட்காத வேறு உரையாடல் ஒன்று நிலையத்தின் அருகே நடந்துகொண்டிருந்தால் அது சிதைந்துபோகும். அமெரிக்க விதி, குறுகிய தானியங்கிப் பதிலை 500 ஹெர்ட்ஸுக்குள் அனுமதித்து, அகலமானவற்றைக் குறிப்பிட்ட சிறு பகுதிகளுக்குள் அடைக்கிறது. அங்கே 2023இல் வேகவரம்பான 300 பாட் நீக்கப்பட்டு, அதற்குப் பதில் 2.8 கிலோஹெர்ட்ஸ் அகல வரம்பு வைக்கப்பட்டது. ஐரோப்பா, ஆப்பிரிக்கா அடங்கிய முதல் வட்டாரத் திட்டம் இன்னும் தெளிவானது: 20 மீட்டரில் 14.089 முதல் 14.099 வரை குறுகிய ஆளில்லா நிலையங்கள், அகலமானவை 14.101க்கும் 14.112க்கும் இடையில். எந்த இடம் என்று முன்கூட்டியே தெரிந்தால் மற்றவர் விலகிக்கொள்ளலாம் என்பதே இதன் பலம்.

இன்னொரு கேள்வி, அனுப்பப்படுவதை மூன்றாமவர் படிக்க முடியுமா என்பது. அனைத்துலக வானொலி விதிகளின் 25ஆம் பிரிவு, நாடுகளுக்கிடையிலான அமெச்சூர் ஒலிபரப்பு பொருளை மறைக்கும் நோக்கில் குறியாக்கம் செய்யப்படக் கூடாது என்கிறது. செயற்கைக்கோள் கட்டளைகளுக்கு மட்டும் விலக்கு. சுருக்கி அடைக்கப்பட்ட அஞ்சலை வழியில் கேட்பவர் எளிதில் பிரிக்க முடியாதபோது, அது அமெச்சூர் பேச்சா, வியாபாரக் கடிதமா என்று எவருக்கும் தெரியாது. அமெச்சூர்கள் ஒருவரையொருவர் கேட்டுத் திருத்திக்கொள்ளும் மரபு அங்கே தளர்கிறது. தோட்டப்புறத்தில் இதற்கு நேரடிப் பொருள் உண்டு. செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் எங்கே நிற்கிறது, வாய்க்கால் பம்பு ஓடுகிறதா என்று நிர்வாகத்துக்கு அறிவிக்கும் கருவியை 144.390இல் வைக்க முடியாது; அது தொழில். அதற்கு வணிக ஒதுக்கீடு இருக்கிறது, 919 முதல் 924 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த ஆற்றல் கருவிகளுக்கான வகுப்பு அனுமதியும் இருக்கிறது. அதே தோட்டத்தில் குடியிருக்கும் ஓர் அமெச்சூர், ஆற்றுநீர் ஏறுவதை ஊரார் அறியப் பொதுவில் அறிவித்தால் அது அமெச்சூர் பணி.

2021 டிசம்பர் 18 அன்று சிலாங்கூரில் பெய்த பெருமழையில் ஆறுகள் கரைமீறின. மின்சாரம் போனதும் பல இடங்களில் கைத்தொலைபேசிக் கோபுரங்கள் அடங்கின. இப்படிப்பட்ட நாளில் தானியங்கி முறைகளின் அருமை தெரியும். நிவாரண மையத்தில் எத்தனை குடும்பம், எத்தனை குழந்தைகள், யாருக்கு இன்சுலின் வேண்டும் என்ற பட்டியலைக் குரலில் ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டிச் சொல்வதைவிடத் தரவாக அனுப்பினால் பிழை குறையும், அலைவரிசையும் சீக்கிரம் காலியாகும். ஆனால் முதல் அபயக்குரல் குரலாகத்தான் வரும். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, அமெச்சூர் பயணக்குழுவுடன் போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் தம் நிலையத்தை அவசரத் தொடர்புக்கு மாற்றி, தீவுகளின் செய்தியை வெளியுலகுக்குக் கொண்டுசேர்த்தார். அத்தகைய குரல் எழும்போது, யாரும் பார்க்காத அறையில் ஓர் இயந்திரம் நிமிடத்துக்கு ஒருமுறை தன் இருப்பிடத்தை அறிவித்துக்கொண்டிருப்பது பெரும் குற்றம்.

ஆகவே வட சிலாங்கூரில் தானியங்கி நிலையம் அமைப்பவர் கருவி வாங்கும் முன்பே சில ஏற்பாடுகளைச் செய்துகொள்வது நல்லது. 1952இல் தொடங்கிய மலேசிய அமெச்சூர் வானொலிச் சங்கமான மார்ட்ஸிடமும் அருகிலுள்ள குழுக்களிடமும் பேசி, எந்தக் குன்றில் எந்த டிஜிபீட்டர் ஏற்கெனவே உள்ளது என்று அறிந்துகொண்டால், இரண்டாவதாக ஒன்று அதே பகுதியை மூடி மோதலைப் பெருக்காது. ஆற்றலைத் தேவையான அளவுக்கு இறக்கிவைக்க வேண்டும். ஐந்து வாட்டில் குன்றை எட்டினால் ஐம்பது வாட் எதற்கு? ஒலிபரப்பி எக்காரணத்தாலோ சிக்கிக்கொண்டு விடாமல் ஒலித்தால் மூன்று நிமிடத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் நேரக்காப்பு வேண்டும். இடிமின்னலுக்கு நிலத்தொடுப்பு வேண்டும். எஃப்டி8, விஸ்பர் இரண்டுக்கும் கணினிக் கடிகாரம் ஒரு நொடிக்குள் சரியாக இருக்க வேண்டும் என்பதால், இணையம் அறுந்தாலும் நேரம் தரும் ஜி.பி.எஸ். வாங்கி பயன்படும். நிலையத்தின் அருகில் அழைப்புக்குறிக்கு உரியவரின் தொலைபேசி எண்ணை எழுதி ஒட்டுவதோடு, அவர் வெளியூர் போனால் அணைக்கத் தெரிந்த இன்னொருவரிடம் சாவி இருக்க வேண்டும். அனுமதி அவர் பெயரில் இருக்கும்வரை, அந்த இயந்திரம் அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஆணையத்திடம் பதில் சொல்ல வேண்டியவர் அவரே.